பத்தில் ஒன்றைக் குறைத்தவர்கள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லோர்னா தன் ரைபிளைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆரின் ஸ்டாவிக்கின் பட்டறைக்கு வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலைச் சவாரி முடிந்த கையோடு வந்திருந்தாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து மூக்கு நசுங்கிய ஈயக் குண்டு ஒன்றை எடுத்து அவனுடைய தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குழல்ல பாதி வழியிலேயே நின்னுடுச்சு. பித்தளைக் கம்பிய விட்டு அடிச்சு எடுத்தேன்," என்றாள்.

ஆரின் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குண்டைப் பார்த்தான். அறுபத்தேழு வயது. ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் கடைசல் பிடித்தவன். அச்சடித்த புத்தகத்தில் ஒரு எண் தப்பாக இருந்தால் கம்பெனிக்கே கடிதம் எழுதித் திருத்தச் சொல்லுகிற ரகம். மொண்டானாவின் அந்தக் கோதுமைச் சீமையில், கோல்டர் கிரீக் ரைபிள் கிளப்பில், தோட்டா விஷயத்தில் அவன் சொன்னதே சட்டம். அங்கே கடைத் தோட்டாவைச் சுடுகிறவனைச் சமையல் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய், வெடிமருந்து அளந்து போட்டு, புதுக் குண்டு வைத்து அமுக்கிக்கொள்வதுதான் வழக்கம். அளவை எங்கே கேட்பது? ஆரினிடம். கிளப்பின் மாதத்தாளில் பத்தொன்பது வருஷமாகக் கடைசிப் பக்கம் அவனுடையது.

லோர்னாவுக்கு வசந்த காலத்தில் தோள்பட்டையில் அறுவை நடந்திருந்தது. இனிமேல் ரைபிளின் உதை அந்தத் தோளில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ சுடாமல் இருக்க முடியாது என்றாள். அதனால் கோடை முழுக்க ஆரின் அவளுக்காக ஒரு மென்மையான தோட்டா செய்து பார்த்தான். ஈயக் குண்டு, கொஞ்சமே கொஞ்சம் மருந்து. ஒவ்வொரு வாரமும் துளித் துளியாகக் குறைத்துக்கொண்டே வந்து, இதற்குக் கீழே போனால் குண்டு குழலைத் தாண்டுமோ தாண்டாதோ என்கிற விளிம்பில் நிறுத்தினான். அந்த அளவில் உதையே தெரியவில்லை. சத்தம் ஒரு தடிப் புத்தகத்தை மூடியதுபோல இருந்தது. மகிழ்ச்சி தாங்காமல், தோள் வலிக்காரர்கள் எல்லாருக்கும் உதவட்டும் என்று இந்த மாதத் தாளில் போட்டுவிட்டான். திங்கட்கிழமை எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"எவ்வளவு போட்டே?" என்று கேட்டான்.

"நீ எழுதினதுல பத்துல ஒண்ணு குறைச்சு."

"எதுக்குக் குறைச்சே?"

லோர்னா சுவரில் குத்தியிருந்த மாதத்தாளை எடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள். தடித்த எழுத்தில் இருந்தது: யார் கொடுத்த அளவாக இருந்தாலும் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கவும். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு மாதமும் அந்த இடத்திலேயே நிற்கிற வரி. ஆரினே எழுதியது. வலுவான தோட்டாவுக்கு அதைவிட நல்ல புத்தி கிடையாது; ஒருத்தன் ரைபிள் தாங்குகிற அளவை இன்னொருத்தன் ரைபிள் தாங்காமல் போகலாம். ஆனால் ஏற்கெனவே அடிமட்டத்துக்கு இறக்கிய அளவில் இன்னும் குறைத்தால் குண்டு குழலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். கன்னத்தை ஒட்டித்தான் வெடிக்கும்.

கிளப்பில் இது தெரியாத ஆள் இல்லை; ஆனால் இந்த அளவுதான் அடிமட்டம் என்று தாளில் ஒரு வார்த்தை இல்லை. ஆரினுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். இருந்தும், அந்த வரி கண்ணுக்குப் பழகிப்போய், இந்த மாதம் மட்டும் அதை எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"சத்தம் ஒரு மாதிரியா இருந்துச்சு. குறி அட்டையில ஓட்டையும் இல்ல. அதான் நிறுத்திட்டேன்," என்றாள் லோர்னா. கிளப் செயலாளர் என்பதால் மைதானத்துச் சாவி அவளிடம் இருந்தது; புதன்கிழமை சாயங்காலம் தனியாகப் போய்ச் சுட்டுப் பார்த்திருக்கிறாள். "எனக்குப் பின்னாடி ஒருத்தர் நின்னு பேச்சுக் கொடுத்துட்டு இருந்தா அடுத்ததையும் போட்டிருப்பேன். சனிக்கிழமை கிளப் கூடுறப்போ அத்தனை பேரும் அங்கதான் நிப்பாங்க, ஆரின்."

ஆரின் காபியைக் கீழே வைத்துவிட்டு உறுப்பினர் பட்டியலைத் தேடி எடுத்தான். அவனையும் லோர்னாவையும் தவிர நாற்பத்தொரு பெயர்.

முதல் போன் பல் டாக்டருக்கு. இந்த மாத அளவைச் சுடாதே என்று சொன்னவன், ஏன் என்று கேட்டதும் தடுமாறினான். அந்த டப்பா மருந்தில் ஏதோ சந்தேகம் இருக்கிறது, கம்பெனியில் விசாரிக்க வேண்டும் என்று இழுத்தான். லோர்னா கைநீட்டி இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

"மருந்து மேல ஏன்யா பழியப் போடுற? அவன் வேற டப்பாவ எடுத்து அதே அளவப் போடுவான். உள்ளதச் சொல்லு."

உள்ளதைச் சொல்வது ஆரினுக்குப் பல் பிடுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பல் டாக்டரையே மறுபடி கூப்பிட்டு, நான் எழுதினது தப்பு, அந்தக் கடைசி வரியை எடுத்திருக்கணும், குறைக்கக் கூடாத அளவு அது என்று ஒரே மூச்சில் சொன்னான். பல் டாக்டர், தான் முப்பது தோட்டா செய்து வைத்திருப்பதாகவும், பத்தில் ஒன்று போதாதென்று இரண்டைக் குறைத்துவிட்டதாகவும் சொன்னார்.

அப்புறம் வரிசையாக அதேதான். பாதிரியார் குறைத்திருந்தார். தானியக் கிடங்கு நடத்துகிற சகோதரர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு விதமாகக் குறைத்திருந்தார்கள். லோர்னாவோடு பேருந்து ஓட்டுகிற டெல்மா, வாழ்க்கையில் முதல் தடவையாக உன் பேச்சை அப்படியே கேட்டேன், அதற்கா இந்தக் கூலி என்று சிரித்தாள். மருந்துக் கடைக்காரர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை என் மகளைக் கூட்டிவருவதாக இருந்தேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆரின் அந்தப் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். மனுஷன் தன்னை அவ்வளவு வெறுத்த நாள் வேறொன்று இருந்ததில்லை.

இரண்டு மணிக்கு நாற்பது பெயருக்குக் கோடு விழுந்திருந்தது. ஒருத்தர்கூட அவன் எழுதிய அளவை அப்படியே போட்டிருக்கவில்லை. மிச்சம் இருந்தது வெண்டெல் பிராண்ட்வோல்ட்.

வெண்டெலும் ஆரினும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. இலையுதிர்காலப் போட்டியில் வெண்டெலின் கடைசிக் குண்டு வட்டத்துக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று தகராறு. மதிப்பெண் போட்டது ஆரின். தொடவில்லை என்றான். பரிசான பன்றித்தொடை வேறொருவருக்குப் போயிற்று. வெண்டெல் சந்தாவை மட்டும் தபாலில் கட்டிவிட்டு, கிளப் மைதானத்துப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டான். தன் வீட்டுக் களஞ்சியத்துக்குப் பின்னால் மண்மேடு எழுப்பி அங்கேயே சுட்டுக்கொள்கிறான் என்பது ஊருக்கே தெரியும்.

லோர்னா பட்டியலைப் பார்த்தாள். பிறகு ஆரினைப் பார்த்தாள்.

"மத்தவங்க சனிக்கிழமைதான் சுடுவாங்க. இவன் எந்நேரம் வேணா சுடுவானே. இவனப் போயா கடைசில வெச்சே?"

"நான் எழுதினத அவன் படிக்கவே மாட்டான். அடுப்புல போட்டிருப்பான்."

அது முழு உண்மை இல்லை என்று ஆரினுக்கே தெரியும். நாற்பது பேரிடம் நான் தப்பு என்று சொல்லலாம்; அந்த ஒரு ஆளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. ஏழு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. லோர்னாவுக்குச் சாயங்காலச் சவாரிக்கு நேரமாகிவிட்டது. போகும்போது வாசலில் நின்று, போன் வேண்டாம், நேரில் போ என்றாள்.

ஒன்பது மைல். சரளைக்கல் சாலையில் ஆரின் தன் பழைய வண்டியை அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினான். அறுவடை முடிந்த வயல்களில் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. வெண்டெலின் வாயிலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தடிப் புத்தகத்தை மூடுகிற சத்தம். அவனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை; கோடை முழுக்கக் கேட்ட சத்தம்.

சுட்ட இடம் களஞ்சியத்துக்குப் பின்னால். இருநூறு அடி இருக்கும். ஆரினுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. மாடி ஏறவே கைப்பிடி வேண்டும். ஓடினான். நிறுத்து, சுடாதே என்று கத்திக்கொண்டே ஓடினான். காற்று எதிர்த்து வீசியது. பாதித் தூரத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில், இதுதான் கடைசி, அடுத்தது வேறு மாதிரிக் கேட்கப் போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. களஞ்சியத்தின் மூலையைத் திரும்புவதற்குள் மூன்றாவதும் கேட்டுவிட்டது.

வெண்டெல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் இருந்தன. காதை மூடியிருந்த உறையைக் கழற்றிவிட்டு, வந்து நிற்கிற ஆளைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"யோவ், சுடுற எடத்துல இப்படியா ஓடி வருவாங்க? பத்தொம்பது வருஷமா ஊருக்கெல்லாம் புத்தி எழுதுற ஆளு நீ."

ஆரினுக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அங்கே தோட்டாப் பெட்டி பாதி காலியாக இருந்தது. பக்கத்தில் மாதத்தாளின் கடைசிப் பக்கம், காற்றில் பறக்காமல் ஒரு கல்லுக்கு அடியில்.

"எவ்வளவு குறைச்சே?" என்று கேட்டான்.

"எதை?"

"அளவ. பத்துல ஒண்ணு குறைச்சியா, ரெண்டா?"

"எதுக்குக் குறைக்கணும்? நீ எழுதினதுதானே?"

"அடியில போட்டிருக்கே. யாரு கொடுத்தாலும் குறைக்கணும்னு."

"அது வேற எவனோ கொடுக்கிற அளவுக்கு," என்றான் வெண்டெல். "உனக்கு மார்க் போடக் கண்ணு தெரியாது. அத எங்க வேணாலும் சொல்வேன். ஆனா மருந்து அளக்கத் தெரியும். இருபது வருஷத்துல உன் எண் ஒண்ணுகூடத் தப்பினதில்ல. நான் எப்பவும் அப்படியேதான் போடுவேன்."

ஆரின் அங்கிருந்த கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டான். லோர்னாவின் குண்டு, தாள், நாற்பது போன் எல்லாவற்றையும் விட்டு விட்டுச் சொன்னான். சிநேகிதர்கள் அத்தனை பேரும் குறைத்துவிட்டார்கள் என்றான். வெண்டெல் தாளை எடுத்து அந்தத் தடித்த வரியைப் படித்தான். இப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான் குறைச்சிருந்தா?" என்று கேட்டான்.

"இதோ, இப்ப சுட்டியே மூணு. அதுல ரெண்டாவதோட முடிஞ்சிருக்கும்."

வெண்டெல் தாளை மறுபடி கல்லுக்கு அடியில் வைத்தான். மிச்சத்தைச் சொல்லாமல் ஆரின் எழுந்து போய்விடலாம்; யாரும் கேட்கப் போவதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீதான் எந்த நாளும் சுடுறவன்னு தெரியும். உனக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். காலைல பத்து மணிக்கே தெரிஞ்சும் உன்னக் கடைசில வெச்சேன், வெண்டெல். உன்கிட்ட வந்து தப்புன்னு சொல்ல மனசு வரல."

வெண்டெல் ரைபிளின் பூட்டைத் திறந்து, குழல் காலியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"ஏழு தடவ போன் அடிச்சுது," என்றான் கடைசியில். "நீதான்னு தெரிஞ்சேதான் எடுக்கல."