வானத்திலிருந்து வீட்டைத் தேடாதவன்

வானத்திலிருந்து எடுத்த படத்தில் சொந்த வீட்டைத் தேடாத ஒரே சிங்கப்பூரர் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபத்தில் பழைய வான்படக் கண்காட்சி. தரை முழுக்க இரண்டு பிரம்மாண்டமான படங்கள்: ஒரு பக்கம் அறுபதுகளின் தீவு, மறுபக்கம் எண்பதுகளின் தீவு. செருப்பைக் கழற்றிவிட்டு மேலேயே நடக்கலாம். நானும் வகுப்புத் தோழி யாமினியும் தொண்டூழியர்கள். அவள் விளக்கம் சொல்வாள். நான் துணியோடு பின்னால் போய்க் கால்தடம் துடைப்பேன். பல்கலைக்கழகம் என்னைத் தயார்செய்தது இதற்குத்தான்.

நகரம் எப்படி மாறியது என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை. நேராகத் தங்கள் பேட்டைக்குப் போகிறார்கள், குனிகிறார்கள், "இதான்! இதான்!" என்று கத்துகிறார்கள். விரலுக்கடியில் ஒரு சாம்பல் புள்ளி. மாட்டுக்கொட்டகையாகவும் இருக்கலாம்.

சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருக்கும் சுந்தரேசன் அங்கிள், அறுபதுகளின் படத்தில் தன் ஆபீஸையே தேடினார்.

"இங்கதான் தம்பி இருக்கணும்."

"அது கடல், அங்கிள். அப்ப இன்னும் மண்ணு கொட்டிக் கடலைத் தூர்க்கல."

அவர் மனைவி மங்களம் ஆண்டி கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் போன் பண்ணா எடுக்கறதே இல்ல."

என் போன் அதிர்ந்தது. மறுபடியும் அம்மா. ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கை இடிக்கப்போகிறார்கள். சாமான்கள் காலையிலேயே பொங்கோல் புது வீட்டுக்குப் போய்விட்டன. நாளைக்குச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

"நிதீஷ், ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போடா. ஏழு மணிக்கு அப்பா பூட்டிடுவாரு. அப்புறம் உள்ள போக முடியாது."

"காலி வீட்டுல என்னம்மா பாக்கறது? சுவரையா?"

"நீ பொறந்ததுலேருந்து கிறுக்கின சுவருடா."

"வேலை இருக்கும்மா. துடைச்சிட்டிருக்கேன்."

"வீட்டுல ஒருநாள் துடைச்சிருப்பியா?" போனை வைத்துவிட்டார்.

யாமினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "போயேன் லா. நான் பாத்துக்கறேன்."

"கான்கிரீட்டுக்குப் போய் யாராச்சும் பை பை சொல்வாங்களா? அங்க பாரு." மங்களம் ஆண்டி எண்பதுகளின் பிடோக்கில் மண்டியிட்டு, ஒரு புள்ளியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

"சரி, அப்புறம் ஏன் சிராங்கூன் ரோட்டையே துடைச்சிட்டிருக்க? அங்க யாருமே மிதிக்கல."

நான் புக்கிட் தீமாவுக்கு நகர்ந்தேன். அங்கேயும் நிற்க முடியவில்லை. ஜூரோங் போனேன். திரும்பி வந்தேன். தீவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து கடிகாரத்தைப் பார்த்தால், ஆறேகால்தான் ஆகியிருந்தது. ரயிலைப் பிடித்தால் போய்விடலாம். ஜூரோங்கை இன்னொரு முறை துடைத்தேன்.

கூட்டம் கலைந்தது. யாமினி ஆளுக்கொரு கோப்பை தே வாங்கக் கீழே போனாள். எண்பதுகளின் ஆங் மோ கியோவில் கால்தடம் அதிகமாகத் தெரிந்தது. கடமை என்று ஒன்று இருக்கிறதே, போனேன். நீச்சல் குளம், பள்ளித் திடல், கார் நிறுத்துமிடம், வளைந்த ஒரு பிளாக், அதற்கடுத்து...

வெள்ளையாக இருந்தது.

துணியால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டும் துடைத்தேன். மேகம். ஊர் முழுக்க வெயிலில் கிடக்க, எங்கள் பிளாக்கின் மேல் மட்டும் ஒரு மேகம் வந்து உட்கார்ந்திருந்தது.

போன் அதிர்ந்தது. அம்மாவிடமிருந்து ஒரே ஒரு சொல்: பூட்டியாச்சு.

மேசைக்கடியில், தரைப்படத்தை ஒட்டிச் சேர்க்க உதவிய தனிப்படங்கள் அடுக்கிய பெட்டி இருந்தது. விமானத்தில் பறந்துகொண்டே வரிசையாக எடுத்தவை. ஒரு படத்தில் விழுந்த இடத்தில் பாதி அடுத்த படத்திலும் விழும், கொஞ்சம் வேறு கோணத்தில். மேகத்தின் ஓரம் விலகித் தெரியலாம்.

படிக்கட்டில் யாமினி வரும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு மண்டியிட்டு, பெட்டியைத் திறந்து, அடுத்த படத்தில் நீச்சல் குளத்தைத் தேட ஆரம்பித்தேன்.