ஒரே கேட்டில் இரண்டு பிள்ளைகள்

சந்திரகலா ஒரே ஒரு ஆளிடம் வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். கிள்ளானில் அவள் குடியிருக்கும் தாமானின் வீட்டு வரிசைகளில், கேட்காமலே சொல்லக் காத்திருக்கும் வாய்கள் வரிசைக்கு நாலு உண்டு. அந்த வாய்களுக்குப் பயந்துதான் அவள் கமுக்கமாக இருந்தாள்.

போன வருஷம் கேரி தீவிலிருந்து குடிவந்தபோதே புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாலாம் ஆண்டுக்குப் போகவேண்டிய ரிஷியை, மலாய் நன்றாக வரட்டும் என்று அவள் தேசியப் பள்ளியில் போட்டாள். முதலாம் ஆண்டுக்காரி தாமரையை விமலன் பிடிவாதமாகத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தான். அதோடு விட்டானா? பெற்றோர் சங்கத்தில் ஒரு பதவியையும் பிடித்து, கோயில் திருவிழாவில் மைக்கை வாங்கித் தமிழ்ப்பள்ளியைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினான். அன்னதானச் சோறு ஆறிப்போனது ஊருக்கே தெரியும். அப்பேர்ப்பட்டவன் மகளைப் பள்ளி மாற்றுகிறான் என்றால் எதிர்வீட்டு மலர் அக்கா சும்மா இருப்பாளா?

ஆனால் சந்திரகலாவும் பாவம். பள்ளி இரண்டும் ஊரின் இரண்டு மூலையில். நடுவில் துறைமுகத்து லோரிகள். தினமும் ஒரு பிள்ளையாவது தாமதம். அதனால்தான் தாமரையையும் ரிஷியின் பள்ளிக்கே மாற்றிவிட முடிவு செய்தாள்.

மாற்றல் விஷயத்தைக் கேட்டதும் தாமரை கொஞ்சம் அழுதாள். பிறகு, “ரேஹாட் பெல் அடிச்சா அண்ணன்கூட கேண்டீன்ல சாப்பிடலாமாம்மா?” என்றாள்.

“பின்னே? அதுக்குத்தானே இவ்ளோ பாடு.”

விமலன் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். “யார்கிட்டயும் மூச்சு விடாத கலா. மானம் போயிரும்.”

அவள் மூச்சு விடவில்லை. மாற்றல் கிடைத்தது. தாமரை இரண்டாம் ஆண்டு தொடங்கிய திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுச் சீருடையில் அவளைக் கூட்டிக்கொண்டு தேசியப் பள்ளி அலுவலகத்தில் போய் நின்றாள். அங்கிருந்த மலாய்க்கார அம்மாள் கடிதத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், இனிமையாகச் சிரித்தாள்.

“செசி பெத்தாங், புவான்.”

மதிய வகுப்பு! இடம் பற்றாத பள்ளி அது. நாலு முதல் ஆறாம் ஆண்டு வரை காலை. மற்றவர்களுக்கு ஒன்றேகால் தொடங்கி ஆறரை வரை. ரிஷி நேரே நாலாம் ஆண்டில் வந்து சேர்ந்தவன் என்பதால் அவளுக்குக் காலை மட்டும்தான் தெரியும்.

“உனக்குத் தெரியாதாடா?” என்று ரிஷியைக் கேட்டாள்.

“தெரியும்மா. நீங்க கேக்கலையே.”

அன்று மதியம் தாமரை புதுச் சீருடையில் கிளம்புவதைப் பார்த்து மலர் அக்கா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “என் மகள் ஆறு வருஷம் அங்கதானே படிச்சா கலா! ஒரு வார்த்தை கேட்டா என்னலா? நான் என்ன ஊரெல்லாம் போய் சொல்லிருவேனா?”

சொல்லியிருப்பாள். ஆனால் மதிய வகுப்பைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு மணிக்குப் பள்ளி கேட்டில் வேர்த்து வழிந்து ரிஷி காரில் ஏறுவான், பவுடர் கலையாமல் தாமரை இறங்குவாள். அண்ணனும் தங்கச்சியும் ஒரே பள்ளியில் பார்த்துக்கொள்வது அந்த ஒரு நிமிஷம்தான்.

இரண்டாம் வாரம் சந்திரகலா தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் இராமலிங்கத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனாள். அவர் திட்டவில்லை. “கூட்டிட்டு வாங்கம்மா. வகுப்புல இப்ப எட்டுப் பேர்தான். மறுபடி மனு போடுங்க, நான் பேசிக்கிறேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தாமரை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“நான் வரலம்மா. எல்லாரும் கேக் வெட்டி எனக்கு டாட்டா சொன்னாங்க. கவிதா அவளோட கலர் பென்சிலையே குடுத்துட்டா. டீச்சரும் அழுதாங்க. திரும்பிப் போனா, ‘ஏன் வந்தே’ன்னு கேப்பாங்க. நான் என்னான்னு சொல்றது?”

சந்திரகலா அவள் பின்னலுக்கு ரிப்பன் கட்டினாள்.

“நாலாம் ஆண்டு வந்தா எனக்கும் காலையிலதானே? அப்ப அண்ணன்கூட சாப்பிட்டுக்கிறேன்.”

தாமரை நாலாம் ஆண்டுக்கு வரும்போது ரிஷி இடைநிலைப்பள்ளிக்குப் போயிருப்பான்.

“ஆமாண்டி கண்ணு,” என்றாள் சந்திரகலா. “நேரமாச்சு, சப்பாத்தைப் போடு.”