சுவரைப் பார்த்துத் திரும்பிய அன்னங்கள்

துர்கா கடப்பாரையால் சுவரை இரண்டாவது முறை குத்தியபோது, தறிக்குழிக்குள் நின்ற அவள் அப்பா மாணிக்கவேலுக்குத் தண்ணீர் முழங்கால்வரை வந்திருந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் தறியிலிருக்கும் கலியாணச் சேலை நனையும், சரிகை கறுக்கும், தென்னேரிப் பெண் கலையரசி கடைச் சேலையில்தான் மணையில் உட்கார வேண்டும். மேல்தொட்டியை அடைத்தும் தண்ணீர் நிற்கவில்லை. பதினாறு வயதுதான், ஆனால் குறி தப்பவில்லை.

"அங்க குழாயே இல்லம்மா, ஏன் ஒடைக்கிற?"

"சேலையில இருக்குற அன்னம் எல்லாம் இங்கதான்பா பாத்துக்கினு இருக்குது."

பிள்ளையார்பாளையத்தில் சித்திரை வெயிலுக்குப் பட்டு இழை அறுந்துபோகும் என்று தறிக்குழியில் ஈரச்சாக்கு போட்டுவைப்பார்கள். அந்த வருஷம் சாக்கு போடாமலே குழி சில்லென்றிருந்தது. மாணிக்கவேல் அதைக் காமாட்சியின் கருணை என்று எண்ணித் தினமும் கற்பூரம் ஏற்றினார். அன்று தண்ணீர் பொங்கி வரும்வரை, எங்கோ ஒழுகுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முந்தானைப் பக்கம் முகம் வைத்து அவர் நெய்த சரிகை அன்னங்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருப்பி, மேற்குச் சுவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தன. நெசவில் பிசகு என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

குழாய் வேலைக்கு வந்த சாமுவேல் வேறு இரண்டு சுவர்களைத் தட்டிப் பார்த்து ஓய்ந்திருந்தார். "அன்னத்துக்கு எவ்ளோ கூலிம்மா குடுக்குற? நானும் அதுகிட்ட வேலைக்குச் சேந்துக்கிறேன்" என்றார். மூன்றாவது குத்தில் செங்கல் உதிர்ந்தது. எல்லோரும் மறந்துபோன பழைய இரும்புக் குழாய் ஒன்று, தெருக் குழாயிலிருந்து பிரிந்து வந்து, உள்ளே துருப்பிடித்து வெடித்திருந்தது. சாமுவேல் பேச்சை நிறுத்திவிட்டு அதை அடைத்தார்.

குழி காய்ந்ததும் அன்னங்கள் மங்கின. துர்கா தறியோரம் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தாள். காலையில் சொம்பு காலி, சரிகை பளபளத்தது. வெள்ளிக்கிழமை சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்கும்போது, பீரோவில் பக்கத்திலேயே சொம்பு வைக்கும்படி கலையரசியிடம் சொல்லி அனுப்பினார்கள். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் வாழ்க்கைப்பட்டதும் தென்னேரியிலேயே; கலியாணத்துக்குப் பிறகு அங்கே எந்த வீட்டுக் கூரை ஒழுகினாலும், சேலையை விரித்து அன்னம் பார்க்கும் இடத்தில் சிமெண்ட் பூசினார்கள். ஒரு முறையும் தப்பவில்லை.

ஐப்பசி மழையில் கலையரசி போன் செய்தாள்.

"துர்கா, தண்ணிலாம் ஒழுங்கா குடிச்சுக்கினுதான் இருக்குது. ஆனா மடிப்புக்குள்ள முட்டை ஒண்ணு கெடக்குதும்மா, சரிகையில. குஞ்சு வந்துச்சுன்னா யாரு சேலையில விடுறது?"