வெட்டிய வரி

சிறீஸ்கந்தராசா என் தாளில் ஒரு வரியை மட்டும் எழுத்தே தெரியாதபடி வெட்டினார். சங்கத்தின் பெயர்ப் பனரை எழுதிய அதே தடித்த நீலப் பேனாவால். மழைக்கு ஒதுங்கித் தேவாலய வாசலில் நின்றோம். எதிரே, ஜூலைத் தாக்குதலில் இறந்த எழுபத்தேழு பேருக்காக ஒஸ்லோ மக்கள் வைத்த ரோசாப்பூக்கள் நனைந்து கறுத்துக் கிடந்தன. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் மலர்வளையம் வைக்க வந்திருந்தோம். சிறீஸ்கந்தராசாதான் செயலாளர். நோர்வேஜிய மொழியில் நாலு வரி வாசிப்பது என் வேலை. வயோதிபர் இல்லத்தில் பதின்மூன்று வருடம் வேலை செய்ததில் அந்த மொழி எனக்கு நன்றாக வரும்.

"இது மட்டும் வேண்டாம் அக்கா."

'என் கணவர் சூசைரட்ணமும் கொழும்பில் இப்படியொரு குண்டில்தான் இறந்தார்.' அதுதான் அந்த வரி.

"ஏன் தம்பி, பொய்யே?"

"பொய்யெண்டு ஆர் சொன்னது? பேப்பர்க்காரன் நிக்கிறான். ஆர் வைச்ச குண்டெண்டு கேட்டா என்ன சொல்லுவியள்?"

"கேட்டாச் சொல்லுறன்."

"அதுதான் வேண்டாமெண்டுறன்."

வெளியே மழையில் பனரின் ஒரு முனையைப் பிடித்திருந்த சங்கத்துப் புஷ்பமலர், "கெதியா வாங்கோவன். எழுத்தெல்லாம் வடியுது. பிறகு ஆர் வந்தவையெண்டே தெரியாது" என்றாள்.

என் கணவர் இறந்து பதினைந்து வருடம். அன்று குண்டு வெடித்தபோது நான் தெருவின் மறுபக்கத்தில் நின்றேன். என் இடது கையில் இன்னும் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. அவர் ஒரு கந்தோரில் கோப்பு எழுதும் எழுதுவினைஞர், அவ்வளவுதான். போராளி இல்லை. ஒவ்வொரு நவம்பரும் மாவீரர் நாளுக்கு மண்டபம் நிறைய, இறந்த போராளிகளின் படங்களும் விளக்குகளும் இருக்கும். முதல் வருடம் அவர் படத்தைப் பையில் கொண்டுபோய், வெளியே எடுக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். எங்கள் ஆட்களே வைத்த குண்டில் செத்தவருக்கு அங்கே எந்த மேசையைக் காட்டுவார்கள்? அவர் எப்படி இறந்தாரென்று யாராவது கேட்டால், எனக்கு முன்னால் வேறு யாராவது "விபத்து" என்று சொல்லிவிடுவார்கள். நானும் தலையாட்டப் பழகிவிட்டேன். இந்தமுறை வெட்டினாலும் வாசிப்பதென்று நினைத்திருந்தேன்.

வாசித்தேன். மூன்றாவது வரியில் நீலம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிறீஸ்கந்தராசா என்னைப் பார்க்கக்கூட இல்லை, மலர்வளையத்து ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. 'உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்' என்ற கடைசி வரிக்குத் தாவிவிட்டேன்.

"வடிவா வாசிச்சனீங்கள் அக்கா. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றார் சிறீஸ்கந்தராசா.

"நீங்கள் போங்கோ."

அவர்கள் போனபின் தாளை வளையத்தின் அடியில் செருகிவிட்டு நின்றேன். செம்மஞ்சள் மழையங்கி போட்ட நகரசபைப் பணியாளர் ஒருவர் வாடிய பூக்களைச் சாக்கிலும், கடிதங்களைப் பெட்டியிலும் சேர்த்துக்கொண்டு வந்தார். கடிதங்களைக் காயவைத்து ஆவணக் காப்பகத்தில் வைப்பார்களாம். என் தாளையும் எடுத்துப் பெட்டியின் மூடிமேல் விரித்து வாசித்தார்.

"ஒரு வரி வெட்டியிருக்கிறதே. நீங்களா வெட்டினீர்கள்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாசிக்காமல் விட்டது யார்?

மழைத்துளிகள் தாளில் விழுந்தன. பனரில் போலவே நீலம் கலங்கி ஓரத்துக்கு வடியத் தொடங்கியது. அடியில் நான் குமிழ்முனைப் பேனாவால் எழுதியது கரையவில்லை. சூசைரட்ணத்தின் முதல் எழுத்து தெரிந்தது. பிறகு இரண்டாவது.

பணியாளர் அவசரமாகத் தன் கையுறைக் கையைத் தாளுக்கு மேல் குடைபோலப் பிடித்தார்.

"இருக்கட்டும்," என்றேன். "நனையட்டும்."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் கையை எடுத்தார்.