மில்லிகிராமின் கடைசிச் சவாரி

அளவை ஆய்வு அலுவலகத்தில் அவருடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் மில்லிகிராம். கடைக்காரர்களின் தராசு மயிரிழை சாய்ந்தாலும் முத்திரை குத்த மறுத்துத் திருப்பி அனுப்பியே முப்பத்துமூன்று வருடத்தை ஓட்டியவர். அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை.

அன்று அவருக்குப் பணி ஓய்வு. பாராட்டுக் கூட்டம் மூன்றரைக்குத் தொடங்கி நான்கு முப்பத்தைந்துக்குச் சரியாக முடிந்தது. நிகழ்ச்சி நிரலை எழுதியவர் அவரேதான். தம்மைப் பாராட்ட ஆளுக்கு ஆறு நிமிடம் ஒதுக்கியிருந்தார். துணை அதிகாரி நாலாவது நிமிடத்திலேயே சரக்குத் தீர்ந்துபோய், மீதி இரண்டு நிமிடம் மழை பெய்யுமா பெய்யாதா என்று பேசி ஒப்பேற்றினார்.

ஐந்து மணி அடித்தால் மில்லிகிராம் அதிகாரி இல்லை. பணியில் இல்லாதவர்கள் அலுவலகக் காரில் ஏறக் கூடாது என்பது விதி. அதையும் எழுதியவர் அவரே. வீடு பதினெட்டு நிமிடத் தொலைவு. நாலு நாற்பதுக்குப் புறப்பட்டால் நாலு ஐம்பத்தெட்டுக்கு வாசலில் நிற்கலாம். மீதி இரண்டு நிமிடம் இறங்குவதற்கு. ஓட்டுநர் கதவைத் திறந்து பிடிக்க, தெருவே பார்க்க, அதிகாரியாகவே இறங்க வேண்டும். முக்கியமாக மனைவியின் அண்ணனான மச்சினர் பார்க்க வேண்டும். போன வருடம் ஓய்வு பெற்ற மச்சினர், யாரோ ஒருவரின் ஸ்கூட்டருக்குப் பின்னால், மடியில் சுவர்க் கடிகாரத்தை அணைத்தபடி வந்து இறங்கினார். அந்தக் காட்சியை மில்லிகிராம் இன்றுவரை நாலு பேர் நடுவில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மச்சினர் குடும்பத்தோடு வாசலில் காத்திருப்பதாக மதியமே போன் வந்துவிட்டது.

நாலு நாற்பது. அவரும் மனைவியும் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் அந்தக் காரில் ஏறுவது அதுவே முதல் தடவை. இன்று ஒரு நாளைக்கு மட்டும் தமக்குத் தாமே மனுப் போட்டு, தாமே அனுமதி வழங்கியிருந்தார் மில்லிகிராம். இரு பக்கமும் ஊழியர்கள் தேவையான அளவு சோகத்தோடு வரிசையாக நின்று கையசைத்தார்கள். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார்.

டிக்.

மறுபடி திருப்பினார். டிக், டிக், டிக். அசைந்த கைகள் அந்தரத்தில் நின்றன. மெல்ல இறங்கின. சாவி மறுபடி திரும்பியதும் மரியாதைக்கு மறுபடி எழுந்தன.

"என்னப்பா?"

"டிக்குங்குது சார்."

"அது எனக்கும்தான் கேக்குது."

ஓட்டுநர் இறங்கிப் போய் முன்மூடியைத் தூக்கினார். அதோடு மில்லிகிராமுக்கு முன்பக்க உலகம் மறைந்தது. கண்ணாடியை இறக்க விசையை அழுத்தினார். மூன்று விரல் அகலம் இறங்கிய கண்ணாடி, களைத்துப்போய் நின்றுவிட்டது.

"வேகுதுங்க. இறங்கி நின்னா என்ன?" என்றார் மனைவி.

"வழியனுப்பி முடிச்சாச்சு. மறுபடி போய் அவங்க முன்னாடி நின்னா நல்லாவா இருக்கும்?"

நினைத்தாலும் இறங்க முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. பின்கதவுகளில் குழந்தைகளுக்கான பூட்டு போட்டிருந்தது, உள்ளிருந்து திறக்காது. அதிகாரி தன் கையால் கதவைத் திறந்து இறங்குவது பதவிக்கு அழகல்ல என்று பதினொரு வருடத்துக்கு முன் அவர்தான் போடச் சொன்னார். மறதியில்கூடத் தம் கை அந்தத் தப்பைச் செய்துவிடக் கூடாதாம்.

வெளியே ஆளாளுக்கு மருத்துவம் சொன்னார்கள்.

"பெட்ரோல் இருக்கான்னு பாருங்க," என்றார் பதிவறை எழுத்தர்.

"பெட்ரோல் இல்லன்னா இன்ஜின் சுத்தும், பத்திக்காது. இது சுத்தவே மாட்டேங்குதே," என்ற ஓட்டுநர் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். "பாத்தீங்களா, திருப்பினதும் லைட்டு தூங்கிருச்சு. பேட்டரிதான்."

பேட்டரி முனைகளில் பச்சையாய்ப் பூத்திருந்தது. யாரோ வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஓட்டுநர் துடைத்து, திருகை முடுக்கினார். டிக். ஸ்டார்ட்டர் மோட்டார் தலையில் ஸ்பேனரால் செல்லமாக நாலு தட்டு தட்டினார். டிக்.

மணி நாலு ஐம்பது. மில்லிகிராம் மூக்கைக் கண்ணாடி இடுக்கில் வைத்தார். "வண்டியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா உனக்கு?"

"பேட்டரி மாத்தணும்னு மூணு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தேனே சார்."

"எங்கிட்ட வரலையே."

"வந்துச்சு சார்," என்று துணை அதிகாரி குனிந்தார். கோப்பு எப்படி அதற்குள் அவர் கைக்கு வந்தது என்பது தெரியவில்லை. இடுக்கு வழியாக வாசித்தார்: "'பேட்டரி தற்போது இயங்குவதாகத் தெரிகிறது. முற்றிலும் செயலிழந்த பின் சான்றுடன் மனுவை மீண்டும் சமர்ப்பிக்கவும்.' உங்க கையெழுத்துதான் சார். இப்ப செயலிழந்திருச்சு. சமர்ப்பிக்கலாமா?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது.

"தள்ளிப் பாக்கலாமே," என்றார் தட்டச்சர் அம்மாள்.

எல்லோரும் கார்க் கொட்டகைச் சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்தார்கள். 'ஓட்டுநர் நீங்கலாக எவரும் அலுவலக வாகனத்தின் மேல் கை வைக்கக் கூடாது.' ஒருமுறை புதிதாகக் கழுவிய வண்டியில் ஐந்து விரல் பதிந்திருந்ததைக் கண்டு மில்லிகிராம் போட்ட உத்தரவு.

"அதை நீக்கிட்டேன். தள்ளுங்க," என்றார் மில்லிகிராம்.

"எழுத்துல நீக்கணும் சார். வாய்மொழி உத்தரவு செல்லாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க," என்றார் துணை அதிகாரி, நல்ல மாணவனின் முகத்தோடு.

எழுதக் காகிதம் இல்லை. கூட்டத்தில் கொடுத்த பாராட்டு மடலைத் திருப்பி, அதன் முதுகில் எழுதினார். எழுதிய அவசரத்தில் 'நீக்கப்படுகிறது' என்பதற்குப் பதில் 'நீட்டிக்கப்படுகிறது' என்று எழுதி, அதை அடித்து, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டு, கீழே முழுக் கையெழுத்தும் போட்டு இடுக்கு வழியே நீட்டினார். துணை அதிகாரி வாங்கிப் படித்தார். நிறுத்தி நிதானமாகப் படித்தார். உள்ளே அலுவலக மணி அடித்தது.

"அஞ்சு ஆயிருச்சே சார். இனிமே உங்க கையெழுத்து..." என்று மடலைப் பத்திரமாக மடித்தார். "பரவால்ல, விடுங்க. நானே சொல்லிடறேன். வாங்கப்பா எல்லாரும், தள்ளுங்க. சார் வீடு வரைக்கும் கார்ல போகவும் அனுமதிக்கிறேன்."

அனுமதி. மில்லிகிராம் அந்தச் சொல்லை மென்று விழுங்கினார். அதிகாரியாக இறங்குவது போயிற்று. காரிலிருந்தாவது இறங்கலாம். அனுமதி வாங்கி வந்தது மச்சினருக்குத் தெரியவா போகிறது?

"வாசப் பக்கம் மேடு சார்," என்றார் துணை அதிகாரி. "ஒரு எண்பத்தேழு கிலோ இறங்கிட்டா தோதா இருக்கும்."

"எண்பத்தாறு நானூறு," என்று திருத்தினார் மில்லிகிராம்.

துணை அதிகாரி கதவைத் திறந்துவிட, அவர் இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மா உக்காந்திருக்கட்டும், அவங்களுக்கு முட்டி வலி," என்றார் ஓட்டுநர். "சார், இன்ஜின் பிடிச்சதும் நீங்க ஓடி வந்து ஏறிக்கணும். நான் நிறுத்த மாட்டேன். நிறுத்தினா அணைஞ்சிரும். அப்புறம் கும்பிட்டாலும் கிளம்பாது."

பதினான்கு கைகள் வண்டியின் பின்புறத்தில் பதிந்தன. அத்தனை விரல் தடங்களுக்கு நடுவே மில்லிகிராமும் தம் இரு கைகளை வைத்தார். ஓட்டுநர் இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு காத்திருந்தார். வண்டி முனகி நகர்ந்தது. வேகம் பிடித்தது. கிளட்சை விட்டதும் ஒரு குலுக்கு, இரண்டு இருமல், பிறகு உறுமல். ஊழியர்கள் விசிலடித்தார்கள். கூட்டத்தில் அவர்கள் ஒருவரும் இவ்வளவு மனதாரக் கை தட்டவில்லை.

மில்லிகிராம் ஓடினார். பின்கதவை எட்டியும் விட்டார். கைப்பிடி கையில் இருந்தது. அதை மேலே தூக்குவதா, வெளியே இழுப்பதா, உள்ளே அழுத்துவதா? பதினொரு வருடத்தில் ஒரு நாளும் அவர் அதைத் தொட்டதில்லை. அழுத்தினார். திருகினார். உள்ளே மனைவி அந்தக் கதவின் உள்கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பூட்டு தன் கடமையைச் செய்தது. வாசல் தாண்டியதும் கைப்பிடி அவர் விரல்களிலிருந்து நழுவியது.

கண்ணாடி இடுக்கில் மனைவியின் வாய் தெரிந்தது. "நீங்க மெதுவா பஸ்ல வாங்க. அண்ணன் காத்திட்டிருப்பாரு, நான் முன்னாடி போறேன்."

கார் திருப்பத்தில் மறைந்தது. மில்லிகிராம் மூச்சு வாங்க நின்றார். பின்னால் ஊழியர்கள் கையைத் தட்டி உதறிக்கொண்டு, பைகளை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"எந்தப் பக்கம் சார் உங்க வீடு?" என்றார் தட்டச்சர் அம்மாள். சொன்னார். "அப்ப நாங்க போற பஸ்தான். அஞ்சே காலுக்கு. விட்டுட்டா அடுத்தது ஆறு மணிக்குத்தான், வாங்க வாங்க."

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பதிவறை எழுத்தரின் அக்குளுக்கும், முன்பின் தெரியாத ஒருவரின் டிபன் பைக்கும் நடுவில் எண்பத்தாறு கிலோ நானூறு கிராமும் செருகப்பட்டது. ஒரு கை மேலே கம்பியில். இன்னொரு கை யாருடைய முதுகுக்குப் பின்னாலோ சிக்கிக்கொண்டது.

"படியில நிக்காதீங்க பெரியவரே, உள்ள போங்க," என்றார் நடத்துநர்.

உள்ளே என்று ஓர் இடம் இருப்பதாகவே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கார் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்திருப்பார். தெருவே பார்த்திருக்கும். அழைப்பது மச்சினரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? போன் நின்றது. மறுபடி அடித்தது.

"யாரோடதுங்க அது? எடுங்களேன்," என்று யாரோ அலுத்துக்கொண்டார்கள்.

யாருடைய போன் என்பதுபோல மில்லிகிராமும் சுற்றுமுற்றும் பார்த்தார்.