மூக்கர் சொன்னால் சரி

அந்தப் பட்டாணி ஆலையில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. எல்லோருக்கும் அவர் மூக்கர். முகத்தில் அப்படியொன்றும் பெரிய மூக்கில்லை, சாதாரண மூக்குதான். ஆனால் அது பார்த்த வேலை சாதாரணமில்லை. பட்டாணியை உறையவைக்கும் குளிர் எந்திரங்கள் அம்மோனியாவில் ஓடின. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் கண்ணைப் பொசுக்கும், நெஞ்சை அடைக்கும், ஆளையே சாய்த்துவிடும். எந்த வால்வில் துளி கசிந்தாலும், எந்திர அறை ஆபரேட்டரான மூக்கர் நடந்து வரும்போதே நின்று, "இங்க விடுது பாரு" என்பார். ஸ்பேனரோடு போய்ப் பார்த்தால் விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

வாயு கசிந்தால் கத்துவதற்கென்று சுவரில் ஒரு டிடெக்டர் பெட்டியும் இருந்தது. அது கத்தினால் எல்லோரும் வெளியேற வேண்டும், காற்றுக்குக் குறுக்கே நடந்து கேட்டுக்கு அப்பால் கூட வேண்டும், முகமூடி போட்ட ஆள் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரும் திரும்பக் கூடாது. இதையெல்லாம் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டியதோடு சரி! தரை கழுவும் நீராவி பட்டாலே அந்தப் பெட்டி ஊரைக் கூட்டிவிடும். ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடி, திரும்பி வந்து, பெல்ட்டில் இளகிக் கிடக்கும் பட்டாணியைக் குப்பையில் கொட்டி, அதற்கு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆகவே பெட்டி கத்தினால் கைகள் நிற்கும், தலைகள் கதவுப் பக்கம் திரும்பும். மூக்கர் வருவார். மூக்கைத் தூக்கி இரண்டு இழுப்பு இழுப்பார். கையை அசைத்தால் வேலை தொடரும்.

புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தார். சாப்பிடும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர் அவர்.

"மிஷின் கத்தினா வெளிய போங்கம்மா. மனுஷன எதுக்குக் கேக்கறீங்க?"

"மிஷினுக்குச் சளி பிடிச்சா சும்மா கத்தும் சார். எங்க மூக்கருக்குச் சளியே பிடிக்காது" என்றாள் பெல்ட்டில் நின்ற ஒருத்தி.

ஒரே சிரிப்பு. மூக்கரின் மனைவியும் சிரித்தாள். அவளும் அதே பெல்ட்டில்தான் சொத்தைப் பட்டாணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் பெருமையை நாலு பேர் பேசினால் யாருக்குத்தான் கசக்கும்?

மழைக்காலத்தில் மூக்கருக்கு ஒரு ஜுரம் வந்தது. வந்தது, போனது. போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனது என்பது உடனே தெரியவில்லை. ஒரு காலையில் அவள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறுகிறது. மூக்கர் அதே அடுப்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, இந்தத் தீயல் நாத்தம்கூடவா தெரியல?" என்றாள் சிரித்துக்கொண்டே. அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

குப்பைத் தொட்டியில் கிடந்த அழுகிய முட்டையை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மோந்தார். மறுபடி மோந்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. திரும்பி வந்துடும்னு டாக்டர் சொல்லிருக்காரு. இது போச்சுன்னு தெரிஞ்சா அங்க எனக்கு என்ன மரியாத? உன் தம்பியையே என் முகத்துக்காகத்தான சேத்துக்கிட்டாங்க."

அதுவும் உண்மைதான். அவள் தம்பி அங்கே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். அப்பா அம்மா போனபின் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. மாமா என்றால் அவனுக்கு உயிர். அவர் மூக்கைப் பற்றி அவன் அளக்கும் கதைகளுக்குக் கணக்கே கிடையாது. அவள் சரி என்று தலையாட்டினாள். மூச்சு விடவில்லை. அதன்பின் பெட்டி கத்தும்போதெல்லாம் அவள் பொறுக்குவதை விட்டுவிட்டுப் பயத்தோடு வாசலையே பார்ப்பாள். மூக்கர் வருவார், அதே கம்பீரம், அதே இரண்டு இழுப்பு, அதே கையசைப்பு. நல்லவேளையாக எல்லாம் வெறும் நீராவி. தப்பித்தோம் என்று பெருமூச்சு விடுவாள். நாலைந்து முறை தப்பித்தபின் அந்தப் பயமும் பழகிப்போயிற்று. அதுதான் வினை.

அன்று பகல் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப்போகும் நேரம். பெட்டி கத்தியது. மூக்கர் வந்தார். குளிர் அறைக்குப் போகும் நடைவழியில் நின்று இழுத்துப் பார்த்தார். அவள் குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் மூக்கில் லேசாக, மிக லேசாக, சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. அந்த ஆலையில் நெடியே இல்லாத நாள் கிடையாது என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டாள். மூக்கர் கையை அசைத்தார்.

வாய் வரைக்கும் வந்தது. 'வேணாங்க, எனக்கு அடிக்குது.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் அத்தனை தலையும் திரும்பும். மூக்கருக்குத் தெரியாதது பெண்டாட்டிக்கு எப்படித் தெரிந்தது என்பார்கள். கசிவு பெரிதானால் கண் எரியும், எரிந்தால் அவரே உணர்ந்துவிடுவார் என்றும் நினைத்தாள். வார்த்தையை அப்படியே மென்று முழுங்கினாள்.

"மாமா சொன்னா சரிதான்" என்று தம்பி ஃபோர்க்லிஃப்ட்டைக் கிளப்பிக்கொண்டு குளிர் அறைக்குள் போனான். வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் திரை அவனுக்குப் பின்னால் விழுந்தது.

உள்ளே குழாய் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. திரைக்கு அடியில் வெள்ளையாகப் புகை கிளம்பியது. யாரோ அலறினார்கள். பெல்ட்டை விட்டு எல்லோரும் ஓடினார்கள். பாதுகாப்பு அதிகாரி, "குறுக்க போங்க, காத்துக்குக் குறுக்க போங்க!" என்று கத்திக்கொண்டே காற்று சிலிண்டரை முதுகில் மாட்டினார். அவரும் இன்னொருவரும் உள்ளே போனார்கள். தம்பியை இழுத்து வந்து தண்ணீர்க் குழாய்க்கு அடியில் போட்டு, அவன் கத்தக் கத்தக் கண்ணைத் திறந்துபிடித்துக் கழுவினார்கள். மூக்கர் கேட்டுக்கருகே புல்லில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. வேண்டிய நேரத்தில் உதவாத நாக்கு இருந்தென்ன, போயென்ன?

உயிர் தப்பியது. நெஞ்சு ஆறும் என்றார் டாக்டர். ஒரு கண் ஓரளவு தெரியும், இன்னொன்று இனி இல்லை.

தம்பியின் கண் கட்டு பிரிக்காத நாட்களில் ஒரு நாள், பாதுகாப்பு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஹெல்மெட் இல்லாமல் அவரைப் பார்க்க வேறு யாரோ போலிருந்தது. நடந்ததைச் சொல்லச் சொல்லித் தம்பியிடம் கேட்டார். அவள் கட்டிலருகே தம்பியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூக்கர் ஜன்னலோரம் நின்றார்.

"மாமா மேல ஒரு தப்பும் இல்ல சார்" என்றான் தம்பி, ஒவ்வொரு சொல்லுக்கும் இருமிக்கொண்டு. "மாமா பாத்தப்போ ஒண்ணும் இருந்திருக்காது. அப்புறமாத்தான் விட்டிருக்கு. மாமாவுக்குத் தெரியாம ஒரு பொட்டு வெளிய வராது சார்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "ஆளுங்களும் அதத்தான் சொல்றாங்க. நாளைக்கு லைன் ஓடப்போகுது. மூக்கர் ஷிஃப்ட்ல இருந்தாத்தான் உள்ள வருவோம்னு நிக்கிறாங்க. நான் சொல்றது யார் காதுல ஏறுது?"

அவள் புருஷனைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திற மனுஷா என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவர் ஜன்னல் கம்பியை விட்டுத் திரும்பினார்.

"வரேன் சார்" என்றார்.

நாளைக்கு அதே பெல்ட், அதே பெண்கள். பெட்டி கத்தும். எல்லோரும் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"சார், அவருக்கு வாசனை தெரியாது" என்றாள். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஜுரம் வந்ததுலேருந்து எதுவுமே தெரியாது. எனக்குத் தெரியும். அன்னைக்கும் எனக்குத் தெரியும். நெடிகூட என் மூக்குல ஏறுச்சு."

மூக்கர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். தம்பி கட்டுப்போட்ட முகத்தை அவள் குரல் வந்த பக்கம் மெல்லத் திருப்பினான். மாமாவைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை.

"அக்கா, நீ கதவுகிட்டதான நின்ன?"

"ஆமாடா."

"நான் உள்ள போறதப் பாத்தியா?"

"பாத்தேன்."

தம்பி கொஞ்ச நேரம் இருமினான். பிறகு அவள் கைக்குள் இருந்த தன் கையை உருவி, போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.