ஓட்டுக்கு மேல் ஓர் உறை

அக்கா அன்று செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள் என்றுதான் என் நினைவு. கழற்றினாள் என்கிறார் அத்தான். எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. அவள் முகம் மட்டும் நிச்சயம்.

பல் வீக்கத்துக்குத் தின்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்குப் பிறகு அத்தானின் குடலை ஒரு கிருமி பிடித்துக்கொண்டது. வயிற்றுப்போக்கு நிற்கும், திரும்பும். இன்னொரு முறை வந்தால் பெருங்குடலையே எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடம்புக்கு வெளியே அந்தக் கிருமி ஸ்போராகி, ஓடு மூடிய விதைபோல மாதக்கணக்கில் கிடக்கும். வாய்வழியே உள்ளே போனால் விழித்துக்கொள்ளும்.

அக்காவின் வேலையே அந்த ஸ்போர்தான். அதை எஃகுத் தகட்டில் தடவி, எதனால் துடைத்தால் போகிறது என்று பார்ப்பாள். ஈரத்துணியும் சோப்பும் போதும் என்று அவளுடைய ஆய்வகம் முடிவு கண்டிருந்தது. ப்ளீச் நெடி அத்தானின் ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பதால், கழிப்பறைக் குழாயை அவள் சோப்புத் தண்ணீரால்தான் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரியில ப்ளீச் போடச் சொன்னாங்களேக்கா" என்றேன்.

"அதோட தினமும் குடித்தனம் நடத்துறவ நான்டா. நீ சும்மா இரு."

"அப்போ நான் யாரு, மாப்ளே?" என்றார் அத்தான் உள்ளேயிருந்து.

அவருக்கு மறுபடி போக்கு கண்ட வாரத்தில்தான் அக்கா அப்படி வந்து நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். குழாய் சொட்டுவது கேட்டது.

"லேப்ல ஸ்போரை அதிர வச்சுக் கழுவுற மெஷின் ரிப்பேருங்க" என்றாள், அத்தானைப் பார்த்து. "கழுவாமலே மைக்ரோஸ்கோப்புல வச்சோம். ஓட்டுக்கு மேல இன்னொரு உறை இருக்கு. பூனை ரோமம் மாதிரி. சுத்தமா இருக்கணும்னு கழுவிக் கழுவி, அதை உரிச்சிட்டுத்தான் இத்தனை நாளும் சோதிச்சிருக்கோம். இன்னைக்கு ஈரத்துணியால துடைச்சுப் பாத்தேன். தகட்டை விட்டுப் போகவே மாட்டேங்குது."

"ஸ்வெட்டரைக் கழட்டி வச்சிட்டு, முள்ளுல மாட்டுதான்னு பாத்தீங்களாக்கும்" என்று சிரித்தார் அத்தான்.

"சிரிக்காதீங்க. நான்தான் உங்களுக்கு..."

"குழாய்லேருந்துதான்னு யாரு சொன்னா? குடல்லயே மிச்சம் கிடந்திருக்கும்னு டாக்டரே சொன்னாரு."

"கிடந்திருக்கலாம்னுதான் சொன்னாரு."

அவள் எழுந்து கையுறை மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குள் போனாள். கதவிடுக்கு வழியே ப்ளீச் நெடி வந்தது. அத்தான் இருமினார். இருமலுக்கு நடுவே, "நல்லா ஊத்து" என்றார்.

அத்தானுக்குப் பெருங்குடலை எடுத்தார்கள். வயிற்றில் ஒட்டிய கழிவுப் பையோடு வேலைக்குப் போய்வருகிறார். அக்காவின் ஆய்வகம் பழைய முடிவைத் திரும்பப் பெற்று, கழுவாத ஸ்போர்களோடு முதலிலிருந்து தொடங்கியது. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வீட்டுக் குழாயை மட்டும் தொடுவதில்லை, நான்தான் துடைக்கிறேன். வந்தது குழாயிலிருந்தா குடலிலிருந்தா என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது.